கோடிங் பூட்கேம்ப்பில் பயிற்றுநர் வேலை: சேருவது முதல் பேட்ச் முடியும்வரை முழுமையான வழிகாட்டி

நன்றாகப் பாடம் எடுக்கத் தெரிந்தால், சில மாதத்தில் கோடிங் கற்றுத்தரும் பூட்கேம்ப்பில் வேலைக்குப் போதும் என்று நினைத்துத்தான் பலரும் வருகிறார்கள். பாடம் நடப்பது நாளில் இரண்டு மணி நேரம், மிஞ்சினால் மூன்று. மீதி நேரம் முழுக்க மாணவர்கள் தனியாகவோ ஜோடியாகவோ கோட் எழுதுகிறார்கள், எங்கேயாவது மாட்டிக்கொள்கிறார்கள், உதவி கேட்கிறார்கள், அல்லது கேட்காமல் தவிக்கிறார்கள். அந்த நேரத்தில் நீங்கள் செய்வதுதான் உண்மையான வேலை. ஆகவே பாடம் எடுப்பதைவிட உதவி செய்வதைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லியிருக்கிறோம்.

யார் என்ன செய்கிறார்கள்

முழுநேர பூட்கேம்ப் பெரும்பாலும் 12 முதல் 16 வாரம் ஓடும். மாலை நேர, வார இறுதி பேட்ச் என்றால் ஆறு மாதம் வரை நீளும். ஒரு பேட்ச்சுக்கு ஒரு முதன்மைப் பயிற்றுநர் இருப்பார். பாடம், மதிப்பீடு, யார் அடுத்த கட்டத்துக்குப் போகலாம் என்ற முடிவு எல்லாம் அவர் பொறுப்பு. அவருக்குக் கீழே துணைப் பயிற்றுநர்கள், அதாவது டிஏக்கள். சந்தேகம் தீர்ப்பதும் கோட் ரிவ்யூ செய்வதும், அதாவது மாணவர் எழுதிய கோடைப் படித்துக் கருத்து சொல்வதும், அவர்கள் வேலை. இவர்களைத் தவிர சேர்க்கையைப் பார்ப்பவர், மாணவர் நலனைப் பார்ப்பவர், வேலை தேடலுக்கு உதவும் கரியர் கோச் என்று சிலர் இருப்பார்கள். சின்ன இடங்களில் இந்த ஐந்து வேலையும் இரண்டு பேர் தலையில் விழும்.

முதல் முறை வருபவர்களுக்கு டிஏ வேலைதான் சரியான வாசல். அதே பூட்கேம்ப்பில் படித்து முடித்தவர்களையே டிஏவாக எடுக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அதில் ஒரு நன்மை: எந்த இடத்தில் மண்டை காய்ந்தது என்பது அவர்களுக்கு இன்னும் மறக்கவில்லை. ஒரு ஆபத்தும் உண்டு: பூட்கேம்ப்புக்கு வெளியே ஒரு உண்மையான ப்ராஜெக்ட்டில் வேலை செய்யாமலேயே, அங்கே வேலை எப்படி நடக்கும் என்று சொல்லிக்கொடுக்க வேண்டி வரும். அப்படி வருபவர்கள் ரிவ்யூ, டெஸ்ட், பழைய கோடைப் படிப்பது ஆகிய மூன்றையும் ஏதாவது ஒரு ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்டில் கொஞ்ச நாளாவது பழகிவிட்டு வருவது நல்லது.

சேருவதற்கு முன்

பயிற்றுநர் வேலைக்கான தேர்வில் பெரும்பாலும் மாதிரிப் பாடம் ஒன்று எடுக்கச் சொல்வார்கள். 15 முதல் 20 நிமிடம் கிடைக்கும். இதில் தோற்பவர்கள் பெரும்பாலும் ஒரே காரணத்துக்காகத்தான் தோற்கிறார்கள்: வலைப்பக்கம் கட்டும் ரியாக்ட் நூலகம் முழுவதையும் சொல்ல முயல்வார்கள். ஒரே ஒரு கருத்தை எடுங்கள். ஃபங்ஷன் ஒரு மதிப்பைத் திருப்பித் தருவதற்கும் அதைத் திரையில் அச்சிடுவதற்கும் உள்ள வித்தியாசம் போதும். ஐந்து நிமிடம் காட்டுங்கள், ஐந்து நிமிடம் கேட்பவர்களைச் செய்யவிடுங்கள், மீதியில் அவர்கள் செய்த தவறை வைத்துப் பேசுங்கள். மாணவராக நடிக்கும் தேர்வாளர் வேண்டுமென்றே தப்பான பதில் சொல்வார். அதை எப்படிக் கையாளுகிறீர்கள் என்பதில்தான் பாதி மதிப்பெண்.

நீங்களும் கேட்க வேண்டியவை உண்டு. ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்? டிஏ ஒருவருக்கு எட்டு முதல் பன்னிரண்டு பேர் என்றால் சமாளிக்கலாம். இருபதைத் தாண்டினால் உதவி வரிசை எப்போதும் தேங்கித்தான் நிற்கும். பாடத் தயாரிப்புக்குச் சம்பள நேரம் உண்டா? பாடத்திட்டத்தை மாற்றும் உரிமை யாருக்கு? பின்தங்கும் மாணவரை அடுத்த பேட்ச்சுக்கு மாற்ற முடியுமா? வேலை நிரந்தரமா, பேட்ச்சுக்குப் பேட்ச் ஒப்பந்தமா?

கடைசிக் கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள். இந்தத் தொழிலின் வருமானம் பேட்ச் நிரம்புவதைப் பொறுத்தது. 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய டெவ் பூட்கேம்ப் இந்த மாதிரிக்கே முன்னோடி. அதுவும், பல கிளைகளோடு இருந்த அயர்ன் யார்டும் 2017இல் மூடப்படுவதாக அறிவித்தன. பெயர் பெற்ற இடம் என்பதால் வேலை நிலையானது என்று எண்ணிவிடக் கூடாது.

முதல் நாளுக்கு முந்தைய வாரம்

பாடத்திட்டத்தைப் படித்துப் பார்ப்பது தயாரிப்பு ஆகாது. முதல் மூன்று வாரத்தின் எல்லாப் பயிற்சிகளையும் நீங்களே கையால் செய்யுங்கள். மாணவர்களுக்குத் தரும் அதே தொடக்க ரிப்போவை (கோடும் அதன் வரலாறும் இருக்கும் ஃபோல்டர்) இறக்கி, புதிதாக உருவாக்கிய ஒரு யூசர் கணக்கில் செய்வது இன்னும் நல்லது. உங்கள் பழைய கணக்கில் ஏற்கெனவே எல்லாம் இன்ஸ்டால் ஆகியிருப்பதால், அறிவுறுத்தலில் விட்டுப்போன படி உங்கள் கண்ணில் படவே படாது.

ஒவ்வொரு பயிற்சிக்கும் மூன்று குறிப்பு எழுதிவையுங்கள்: செய்து முடிக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆனது, எந்தப் புதுக் கருத்து தேவைப்படுகிறது, எங்கே வழுக்கும். உங்கள் நேரத்தை நான்கால் பெருக்கினால் முதல் மாத மாணவருக்கான நேரம் ஓரளவு சரியாக வரும். பத்து நிமிடத்தில் நீங்கள் முடித்ததை அரை மணி நேரத்தில் அவர்கள் முடிப்பார்கள் என்று போட்ட அட்டவணை முதல் நாளே கவிழும்.

இன்ஸ்டால் நாள்

முதல் நாளின் முக்கால் பங்கை இதுவே விழுங்கும். அதற்கு மூன்று நான்கு நாள் முன்னால் ஒரு சரிபார்ப்புப் பட்டியலை அனுப்பிவிடுங்கள். ராம் குறைந்தது 8 ஜிபி, முடிந்தால் 16. வட்டில் 20 ஜிபியாவது காலி. அட்மின் உரிமை கட்டாயம். அலுவலகம் கொடுத்த லேப்டாப்போடு வரும் மாணவருக்குப் பெரும்பாலும் அட்மின் உரிமை இருக்காது. முதல் நாள் காலை அது தெரியவந்தால் அவர் மூன்று நாளை இழப்பார்.

திரும்பத் திரும்ப வரும் கோளாறுகள் சில. விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 ஓட மறுத்தால் முதலில் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) விர்ச்சுவலைசேஷன் அணைந்திருக்கிறதா பாருங்கள். பைத்தானை இன்ஸ்டால் செய்தபின்னும் கட்டளை கிடைக்கவில்லை என்றால் பாத்தில் (டெர்மினல் கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியல்) சேர்க்கும் பெட்டியை டிக் செய்யாமல் விட்டிருப்பார்கள், அல்லது டெர்மினலை மூடித் திறந்திருக்க மாட்டார்கள். ப்ராஜெக்ட் ஃபோல்டர் ஒன்டிரைவ் போன்ற தானாக ஒத்திசையும் இடத்தில் இருந்தால், ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்கள் உள்ள நோட் மாட்யூல்ஸ் (ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்கள் இறங்கும் node_modules) ஃபோல்டர் எல்லாவற்றையும் ஊர்ந்துபோகச் செய்யும். சில சமயம் ஃபைல்கள் பூட்டிக்கொண்டு இன்ஸ்டாலே தோற்கும். ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருந்தாலும் சில கருவிகள் முரண்டுபிடிக்கும். ஆங்கிலம் அல்லாத எழுத்தும் அப்படித்தான். எல்லோரும் ஹோம் ஃபோல்டருக்குள் ஒரே பெயரில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அதற்குள்ளேயே வேலை செய்ய வேண்டும் என்று முதல் நாளே விதி போட்டுவிடுங்கள். பின்னால் ஃபைலைத் தேடும் நேரம் அவ்வளவும் மிச்சம்.

கருவிகளின் பதிப்பையும் எல்லோருக்கும் ஒன்றாக்குங்கள். ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் (Node.js) ஆனால் நீண்டகால ஆதரவுள்ள பதிப்பு ஒன்று. எடிட்டரும் ஒன்றே. வேறு எடிட்டரில் கைப்பழக்கம் உள்ளவர் முனகுவார். முதல் மாதம் மட்டும் பொறுக்கச் சொல்லுங்கள்.

பாடம் எடுக்கும் இரண்டு மணி நேரம்

ஸ்லைடு வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் கோடை நேரலையில் எழுதிக் காட்டுவதுதான் இங்கே முதன்மை. அதற்குச் சில ஏற்பாடுகள். எழுத்து அளவு 20க்குக் குறையக் கூடாது. ப்ரொஜெக்டர் என்றால் வெளிர் தீம். அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள், எடிட்டரின் தானியங்கிப் பரிந்துரைகளையும்தான். நீங்கள் நான்கு எழுத்து அடித்ததும் முழு வரியும் வந்து நின்றால் மாணவருக்கு அது எங்கிருந்து முளைத்தது என்றே தெரியாது.

தட்டுவதற்கு முன் வாயால் சொல்லுங்கள், பிறகு தட்டுங்கள். 15, 20 நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தி அவர்களைச் செய்யவிடுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ரிப்போவில் முன்கூட்டியே ஒரு கமிட் (அந்த நேரத்துக் கோடின் பதிவு) போட்டு டேக் (அதற்கு ஒரு பெயர்) வைத்திருந்தால், பின்தங்கியவர் அந்த டேக்குக்குத் தாவி மற்றவர்களோடு சேர்ந்துகொள்ளலாம். இந்த ஏற்பாடு இல்லாத வகுப்பில், ஒரு செமிகோலனைத் தவறவிட்டவர் மீதி ஒரு மணி நேரமும் அதையே தேடிக்கொண்டிருப்பார்.

“புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள். அதற்குப் பதில் நான்கு விடை உள்ள ஒரு கேள்வியைப் போடுங்கள். ஒவ்வொரு தப்பு விடையும் ஒரு குறிப்பிட்ட தவறான புரிதலைக் காட்ட வேண்டும். உதாரணமாக: ஜாவாஸ்கிரிப்டில் முதல் மாறியில் ஓர் அரே, அதாவது மதிப்புகளின் பட்டியல், இருக்கிறது. இரண்டாவது மாறிக்கு முதல் மாறியையே ஒதுக்குகிறோம். இரண்டாவதில் ஒரு எண்ணைச் சேர்த்தால் முதலாவதில் என்ன இருக்கும்? எரர் வரும் என்பவர், பழைய அரே அப்படியே இருக்கும் என்பவர், இரண்டும் மாறும் என்பவர் என்று வகுப்பு மூன்றாகப் பிரியும். ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மேசர் 1990களில் வளர்த்தெடுத்த முறை இது. சரியான விடை சொன்னவர்கள் ஏறத்தாழ 30க்கும் 70க்கும் இடைப்பட்ட விழுக்காடு என்றால், நீங்கள் வாயைத் திறக்காமல் அவர்களையே பக்கத்தில் இருப்பவரோடு விவாதிக்கவிட்டு மறுபடி வாக்கெடுங்கள். அதற்குக் கீழே போனால் பாடத்தை வேறு விதமாக மறுபடி சொல்ல வேண்டும். மேலே போனால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகரலாம்.

முதல் இரண்டு வாரம் வெற்றுத் திரையைக் கொடுத்து எழுதச் சொல்வதைக் குறைத்துக்கொள்ளுங்கள். புதியவர்களின் வேலை நினைவு சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதும், தீர்த்துக் காட்டிய உதாரணங்களைப் படிப்பது அவர்களுக்கு அதிகம் உதவும் என்பதும் ஜான் ஸ்வெல்லர் 1980களில் தொடங்கிய ஆய்வுகளில் வந்த முடிவுகள். முழுக்க எழுதிய கோடு ஒன்று, அடுத்து கடைசி வரி மட்டும் இல்லாத கோடு, அடுத்து பாதி, பிறகு வெறும் கேள்வி என்று உதவியைப் படிப்படியாகக் குறையுங்கள். சரியான வரிகளைக் கலைத்துப் போட்டு அடுக்கச் சொல்லும் பயிற்சியும் இந்தக் கட்டத்துக்கு நன்றாகப் பொருந்தும். சின்டாக்ஸ் எரரில் (எழுதும் விதியில் வரும் பிழை) நேரம் வீணாகாமல் வரிசைமுறை மட்டும் பழகும்.

சந்தேகம் தீர்ப்பது: வேலையின் நடு மையம்

வரிசை முதலில். கையைத் தூக்குபவரிடம் ஓடுவது என்று வைத்தால் சத்தம் போடுபவருக்கே எல்லா உதவியும் போகும். பகிர்ந்த ஒரு ஷீட்டில் பெயர், நேரம், சிக்கல் ஒரு வரியில், இதுவரை செய்து பார்த்தது என்று நான்கு கட்டம் போதும். நான்காவது கட்டம் காலியாக இருந்தால் வரிசையில் இடமில்லை. அதை நிரப்ப உட்காரும்போதே சிலருக்கு விடை கிடைத்துவிடும்.

மாட்டிக்கொண்டால் எவ்வளவு நேரம் தானே போராட வேண்டும்? 20 நிமிடம் என்பது நல்ல விதி. அதற்குக் குறைந்தால் சார்ந்தே இருப்பார்கள், அதிகமானால் நொந்துபோவார்கள். ஒரே விலக்கு இன்ஸ்டால், பதிப்பு, இணைய இணைப்பு போன்ற சூழல் சிக்கல்கள். இவற்றோடு போராடுவதில் முதல் மாத மாணவர் கற்பது ஒன்றுமில்லை. உடனே போய்ச் சரிசெய்து கொடுங்கள்.

மாணவரிடம் போனபின் செய்ய வேண்டியவை, வரிசையாக:

1. கீபோர்டைத் தொடாதீர்கள். நின்றபடி குனியாமல் பக்கத்தில் உட்காருங்கள். ஆன்லைன் என்றால் அவர் திரையைப் பகிரட்டும், ரிமோட் கட்டுப்பாடு கேட்க வேண்டாம்.

2. மூன்று கேள்வி: “என்ன நடக்கணும்னு எதிர்பார்த்தீங்க? என்ன நடக்குது? கடைசியா எது சரியா ஓடுச்சு?” மூன்றாவதுதான் அதிகம் வேலை செய்யும். சரியாக ஓடிய நிலைக்கும் இப்போதைக்கும் இடையில் மாறிய வரிகளுக்குள் பக் (கோடில் உள்ள பிழை) சிக்கிவிடும்.

3. எரரை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். சிவப்பு நிறத்தைப் பார்த்ததும் படிக்காமல் தாண்டுவது எல்லோருக்கும் உள்ள பழக்கம். பைத்தானில் கடைசி வரியிலிருந்து மேலே போக வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் மேல் வரியில் செய்தி இருக்கும். அதற்குக் கீழே தன் ஃபைல் பெயர் முதலில் வரும் வரியைத் தேட வேண்டும். நூலகத்தின் உள் ஃபைல்களைப் பார்த்து மிரள வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள்.

4. கணிக்கவையுங்கள். “இந்த வரிக்கு வரும்போது இந்த மாறியில என்ன இருக்கும்னு நினைக்கிறீங்க?” பிறகு அச்சிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கணிப்பும் நிஜமும் வேறுபடும் இடம்தான் அவருடைய தவறான புரிதல் இருக்கும் இடம். உங்களுக்கு விடை முதல் பார்வையிலேயே தெரிந்திருந்தாலும் இதைத் தாண்டாதீர்கள்.

5. குறிப்பு கொடுப்பதாக இருந்தால் ஏணிப்படி போல: முதலில் எந்தப் பகுதி என்று மட்டும். பிறகு எந்தக் கருத்து என்று. பிறகு வேறொரு ஃபைலில், வேறு பெயர்களோடு, அதே மாதிரியான சின்ன உதாரணம். அதற்குமேல் போக வேண்டி வந்தால், பயிற்சி அவருக்கு இன்னும் உரியதல்ல என்று பொருள். எளிதான ஒன்றைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

6. சரியானதும் எழுந்து வந்துவிடாதீர்கள். “ஏன் சரியாச்சு, ஒரு தடவை சொல்லுங்க.” ஒரு நிமிடம் ஆகும். சொல்ல முடியவில்லை என்றால் அதே பக் மாலைக்குள் வேறு ரூபத்தில் வரும்.

7. உங்கள் பதிவேட்டில் ஒரு வரி: யார், எந்தக் கருத்து, எத்தனையாவது குறிப்பில் தீர்ந்தது.

ஒருவரிடம் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் தீராவிட்டால் ஒரு சோதனையை வேலையாகக் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் போய்த் திரும்புங்கள். விடை உங்களுக்கே தெரியவில்லை என்றால் அதை நேரடியாகச் சொல்லி, அவர் முன்னாலேயே ஆவணத்தைத் தேடுங்கள். எந்தச் சொல்லை வைத்துத் தேடுகிறீர்கள், எந்த முடிவை ஏன் ஒதுக்குகிறீர்கள் என்று வாய்விட்டுச் சொன்னால், அன்றைய நாளின் உபயோகமான பாடம் அதுவாகவே அமையும்.

ஒரே கேள்வி ஒரு மணி நேரத்தில் மூன்று பேரிடமிருந்து வந்தால் நான்காவது ஆளுக்காகக் காத்திருக்க வேண்டாம். எல்லோரையும் நிறுத்தி ஐந்து நிமிடம் பேசுங்கள். தவறு மாணவர்களிடம் இல்லை, காலைப் பாடத்தில் இருக்கிறது.

அடிக்கடி வரும் பக்குகள், அவற்றின் வேர்

இவற்றை முன்கூட்டியே அறிந்திருந்தால் உங்கள் நேரத்தில் பாதி மிஞ்சும்.

திரையில் நிலுவையில் உள்ள ப்ராமிஸ் (பிறகு வரப்போகும் மதிப்பு) என்று மட்டும் வருகிறது என்றால் அதற்காகக் காத்திருக்கச் சொல்லும் அவெய்ட் விட்டுப்போயிருக்கிறது. ரியாக்டில் அரேயில் ஒன்றைச் சேர்த்தும் திரை மாறவில்லை என்றால் மாணவர் பழைய அரேயையே மாற்றித் திரும்பக் கொடுத்திருக்கிறார். ரெஃபரன்ஸ் (அரே இருக்கும் இடத்தின் சுட்டி) மாறாததால் ரியாக்ட் மாற்றமே இல்லை என்று நினைத்துக்கொள்ளும். பிரௌசரின் நெட்வொர்க் டேபில் கோரிக்கைகள் நிற்காமல் ஓடினால், திரை வரைந்தபின் ஓடும் யூஸ்எஃபெக்ட்டில், எது மாறினால் மறுபடி ஓட வேண்டும் என்று சொல்லும் சார்பு அரே இல்லாமல், உள்ளே ஸ்டேட்டை (ரியாக்ட் நினைவில் வைக்கும் மதிப்பு) மாற்றியிருக்கிறார்.

போர்ட் 3000 ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்ற எரர், பழைய சர்வர் வேறொரு டெர்மினலில் இன்னும் ஓடுகிறது என்பதன் அடையாளம். விண்டோவை மூடியதால் நின்றுவிட்டது என்று நினைத்திருப்பார். பிரௌசர் வேறு ஆரிஜின் (வேறு தள முகவரி) என்று சொல்லிக் கோரிக்கையைத் தடுத்தால் மாணவர்கள் ஃப்ரன்ட் எண்டில் மாற்றி மாற்றி எழுதிப் பார்ப்பார்கள். அனுமதி தர வேண்டியது சர்வர்தான் என்பதைப் படம் வரைந்தே காட்ட வேண்டியிருக்கும். டேட்டாபேஸ் மொழியான எஸ்கியூஎல்லில், எந்த வரிசைகள் என்று சொல்லும் வேர் (WHERE) நிபந்தனை இல்லாமல் அப்டேட் போட்டு மொத்த டேபிளையும் மாற்றுவது ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒருவராவது செய்வார். முதலில் அதே வேர் நிபந்தனையோடு செலக்ட் ஓட்டிப் பார்க்கும் பழக்கத்தை அப்போதே ஏற்றிவிடலாம்.

கோடின் வரலாற்றைக் காக்கும் கிட் (Git) தனி ரகம். நோட் மாட்யூல்ஸை கமிட் செய்வது, ஒரு ரிப்போவுக்குள் தெரியாமல் இன்னொரு ரிப்போ உருவாக்குவது, பழைய கமிட்டுக்குத் தாவிவிட்டு ஹெட் (இப்போது நிற்கும் இடத்தின் குறி) எந்த பிராஞ்ச்சிலும் (கிளை) சேராமல் தனியாக நிற்கும் நிலையில் மூன்று மணி நேரம் வேலை செய்வது. கடைசியில் சொன்னதில் பயப்பட ஒன்றுமில்லை, அதே இடத்தில் புது பிராஞ்ச் உருவாக்கினால் வேலை பத்திரம். ஏபிஐ கீயை (வெளிச் சேவையைப் பயன்படுத்தும் ரகசியச் சாவி) பொது ரிப்போவுக்கு புஷ் செய்துவிட்டால்தான், அதாவது அனுப்பிவிட்டால்தான், அவசரம். அடுத்த கமிட்டில் அழித்தால் வரலாற்றில் அது அப்படியே இருக்கும். முதலில் சேவையின் தளத்துக்குப் போய் அந்தக் கீயை ரத்து செய்து புதியது எடுக்க வேண்டும், வரலாற்றைச் சுத்தம் செய்வதெல்லாம் பிறகு.

ஏஐ கருவிகள்

தடை போட்டால் ஒளித்துப் பயன்படுத்துவார்கள். முழுக்கத் திறந்துவிட்டால் ஐந்தாவது வாரத்தில் ஒரு லூப்கூடச் சொந்தமாக எழுத முடியாதவர்கள் கையில் பளபளப்பான ப்ராஜெக்ட் இருக்கும். கட்டம் கட்டமாக விதி வைப்பதே நடைமுறைக்கு ஒத்துவருகிறது. முதல் மூன்று நான்கு வாரம் எடிட்டருக்குள் தானியங்கி நிரப்பல் கிடையாது. எரர் செய்திக்கு விளக்கம் கேட்கலாம், கோடு கேட்கக் கூடாது. அதன்பின் கோடும் கேட்கலாம், ஆனால் சமர்ப்பிக்கும் எந்த வரியையும் சுட்டி “இது இல்லைன்னா என்ன ஆகும்?” என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டும். இதைச் சோதிக்க வாரத்துக்கு ஒரு முறை, ஐந்து நிமிடம், நேரில். அவர் கோடில் ஒரு சின்ன மாற்றம் சொல்லி உங்கள் முன்னால் செய்யச் சொல்லுங்கள். எழுதியவருக்கும் ஒட்டியவருக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு நிமிடத்தில் தெரியும். ஏஐ எழுதியதைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் மென்பொருளை நம்பி யாரையும் குற்றம் சாட்டாதீர்கள்.

கோட் ரிவ்யூ

ஒரு சமர்ப்பிப்புக்கு மூன்று கருத்துக்கு மேல் எழுதாதீர்கள். பதினைந்து குறை எழுதினால் அவர் மாறிப் பெயரையும் இடைவெளியையும் திருத்திவிட்டு முக்கியமானதை விட்டுவிடுவார். கோடு ஓடுகிறதா, படிக்க முடிகிறதா, உடைத்தால் தாங்குமா என்ற வரிசையில் முன்னுரிமை. இடைவெளி, மேற்கோள் குறி எல்லாம் ஃபார்மேட்டர் பார்த்துக்கொள்ளட்டும். “இங்கே யூசர் வெறும் ஸ்டிரிங் கொடுத்தால் என்ன ஆகும்?” என்பது நல்ல கருத்து. “இதைச் சரியாகக் கையாளவில்லை” என்பது உதவாத கருத்து. 24 மணி நேரத்துக்குள் திருப்பிக் கொடுங்கள். மூன்று நாள் கழித்து வரும் ரிவ்யூவை யாரும் படிப்பதில்லை, அதற்குள் இன்னும் இரண்டு பாடம் ஓடியிருக்கும்.

பின்தங்குபவர்களைக் கண்டுபிடிப்பது

அதிகம் கேள்வி கேட்பவர் பெரும்பாலும் ஆபத்தில் இல்லை. மூன்று நாளாக வரிசையில் பெயரே இல்லாதவர்தான் கவலைக்குரியவர். மற்ற அறிகுறிகள்: இரண்டு நாளாக கமிட் இல்லை, ஜோடி வேலையில் எப்போதும் மற்றவரே தட்டுகிறார், லூப், ஃபங்ஷன் போன்ற அடிப்படையில் அதே கேள்வி மூன்றாம் முறை வருகிறது. உங்கள் ஒரு வரிப் பதிவேடு இங்கேதான் பலன் தரும். வெள்ளிக்கிழமை அதைப் புரட்டினால் பெயர்கள் தானாக மேலே வரும்.

இரண்டாவது வாரம் முடிவதற்குள் முதல் பேச்சு நடந்துவிட வேண்டும். தனியாக, 15 நிமிடம். “கஷ்டமா இருக்கா?” என்று கேட்டால் இல்லை என்பார்கள். “நேத்து சாயங்காலம் எந்தப் பயிற்சியில இருந்தீங்க, அதைத் திறந்து காட்டுங்க” என்று தொடங்குங்கள். பிரச்சினை கோடா, தூக்கமா, வீட்டுச் சூழலா, வேறு வேலையையும் சேர்த்துப் பார்க்கிறாரா என்பதைப் பிரித்தறிய வேண்டும். கோடு என்றால் அடுத்த மூன்று நாளுக்கு விருப்பப் பயிற்சிகளை எல்லாம் நீக்கி அடிப்படையை மட்டும் கொடுங்கள். மற்றவை என்றால் மாணவர் நலனைப் பார்ப்பவரிடம் சேர்த்துவிடுங்கள். மனநல ஆலோசகர் வேலையை நீங்கள் ஏற்காதீர்கள்.

பணம் திரும்பக் கிடைக்கும் கடைசித் தேதியும் பேட்ச் மாற்றக் கடைசித் தேதியும் உங்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். இது ஒத்துவராது என்று தெரிந்தும், மனம் வராமல் அந்தத் தேதி தாண்டும்வரை சொல்லாமல் இருப்பது மாணவருக்குச் செய்யும் அநியாயம்.

குழு ப்ராஜெக்ட் வாரங்கள்

ஒரு குழுவுக்கு மூன்று அல்லது நான்கு பேர். ஐந்தாவது ஆள் ஸ்லைடு மட்டும் செய்வார். முதல் நாள் கோடே கிடையாது. என்ன செய்கிறோம், என்ன செய்ய மாட்டோம், டேட்டாபேஸில் எந்த டேபிள்கள் என்று காகிதத்தில் முடிவாகி நீங்கள் பார்த்த பிறகே ரிப்போ. இரண்டாம் நாள் மாலைக்குள் வெறும் வணக்கம் சொல்லும் பக்கமாவது சர்வரில் டிப்ளாய் ஆகி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இந்த விதியைத் தளர்த்தினால் டெமோவுக்கு முந்தைய இரவு எல்லாக் குழுவும் ஒரே நேரத்தில் உடையும்: கோடில் லோக்கல்ஹோஸ்ட் (தன் கணினியையே குறிக்கும்) முகவரி அப்படியே பதிந்திருக்கும், சூழல் மாறிகள் (கோடுக்கு வெளியே வைக்கும் அமைப்புகள்) சர்வரில் இருக்காது. ஃபைல் பெயரில் பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாட்டை விண்டோஸும் மேக்கும் வழக்கமாகக் கண்டுகொள்ளாது. லினக்ஸ் சர்வர் கண்டுகொள்ளும்.

மெயின் பிராஞ்ச்சுக்கு நேரடி புஷ்ஷை முதல் நாளே பூட்டிவிடுங்கள். பிராஞ்ச்சுகள் ஒரு நாளைக்கு மேல் தனியே வாழக் கூடாது. நான்கு நாள் பிரிந்திருந்த இரண்டு பிராஞ்ச்சை இணைப்பது முதன்முறை கற்பவருக்கு நரகம். காலையில் பத்து நிமிட ஸ்டாண்டப்பில் (குழுவின் தினக் கூட்டம்) நீங்கள் பேசாமல் கேளுங்கள். ஒருவரே எல்லாவற்றையும் எழுதுகிறாரா என்பதை கமிட் பட்டியல் காட்டும், ஆனால் ஜோடியாக எழுதியது ஒருவர் பெயரில்தான் இருக்கும் என்பதால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. டெமோவுக்கு 24 மணி நேரம் முன்னால் புது வசதி சேர்ப்பதை நிறுத்தச் சொல்லி, ஓடும் நிலையில் ஒரு வீடியோவும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

வேலை தேடும் கட்டம்

ரெஸ்யூமே கரியர் கோச்சின் வேலை. உங்களுடையது தொழில்நுட்ப மாதிரி நேர்காணல். ஒருவருக்குக் குறைந்தது இரண்டு, 45 நிமிடம் வீதம். முதல் 10 நிமிடம் சொந்த ப்ராஜெக்ட் பற்றிய கேள்வி, 25 நிமிடம் ஒரு சின்ன கோடிங் கணக்கு, மீதி நேரம் கருத்து சொல்ல. பெரும்பாலோர் விழுவது கணக்கில் அல்ல, “இதை ஏன் இப்படிச் செஞ்சீங்க?” என்ற கேள்வியில்.

வேலை கிடைக்கும் விழுக்காடு பற்றி மாணவர்கள் உங்களிடம் கேட்பார்கள். எந்த எண்ணையும் வாயிலிருந்து விடுவதற்கு முன் அது எப்படிக் கணக்கிடப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள்: வகுத்தல் கோட்டுக்குக் கீழே சேர்ந்தவர்களா, முடித்தவர்களா, வேலை தேடுவதாகப் பதிவுசெய்தவர்களா? பகுதிநேர வேலையும், அதே பூட்கேம்ப்பில் டிஏவாகச் சேர்ந்ததும் கணக்கில் உண்டா? எத்தனை நாளுக்குள்? இது சும்மா நுணுக்கம் அல்ல. முன்பு லாம்ப்டா ஸ்கூல் என்று இருந்த ப்ளூம்டெக் 71 முதல் 86 விழுக்காடு என்று விளம்பரம் செய்தபோது உள் கணக்கு 50ஐ ஒட்டியும் சில பேட்ச்சுகளில் 30 வரை தாழ்ந்தும் இருந்ததாக அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2024இல் நடவடிக்கை எடுத்தது. விற்பனைப் பிரிவு சொன்ன எண்ணைப் பயிற்றுநர் திரும்பச் சொன்னால் மாணவர் அதை உங்கள் வாக்குறுதியாகத்தான் எடுத்துக்கொள்வார்.

உங்கள் நேரமும் உங்கள் திறமையும்

இரவு பத்து மணிக்கு வரும் மெசேஜுக்கு முதல் வாரம் பதில் சொன்னால் பன்னிரண்டாவது வாரம்வரை சொல்ல வேண்டிவரும். பதில் நேரத்தை முதல் நாளே அறிவித்துவிடுங்கள். ஒரு மணி நேரப் புதுப் பாடத்துக்கு முதல் முறை மூன்று மணி நேரத் தயாரிப்பு ஆகும், இரண்டாவது பேட்ச்சில் அது ஒன்றாகக் குறையும். ஆகவே முதல் பேட்ச்சில் பாடத்திட்டத்தைத் திருத்தும் கூடுதல் வேலையை ஏற்காதீர்கள்.

இந்த வேலையில் அடிப்படை மிக உறுதியாகும், ஆனால் பெரிய அமைப்புகளின் அனுபவம் தேயும். நான்காவது பேட்ச்சிலும் அதே டூ-டூ ஆப் கட்டிக்கொண்டிருந்தால் வெளியே நேர்காணலில் அது தெரிந்துவிடும். பேட்ச்சுக்கும் பேட்ச்சுக்கும் இடையில் கிடைக்கும் ஒன்றிரண்டு வாரத்தில் பூட்கேம்ப்பின் உள் கருவி எதையாவது எழுதுங்கள். உதவி வரிசை ஷீட்டை ஒரு சின்ன ஆப்பாக மாற்றுவது நல்ல தொடக்கம்.

பேட்ச் முடிந்த வாரத்திலேயே, ஞாபகம் ஆறுவதற்குள், பதிவேட்டை எடுத்து அதிகம் உதவி தேவைப்பட்ட ஐந்து பயிற்சிகளைக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் எந்த வாக்கியம் குழப்பியது, எந்த முன்பாடம் இல்லை என்று ஒரு பத்தி எழுதி அடுத்த பேட்ச்சின் பயிற்றுநரிடம் கொடுங்கள். இரண்டை மட்டும் இப்போதே திருத்துங்கள், மீதி மூன்றும் அடுத்த பேட்ச்சிலும் அதே இடத்தில் மாட்டுகிறதா என்று பார்த்த பிறகு.